பன்முகப் புலமை பழுதோ?

பல துறை பயில்வோன் ஒன்றிலும் ஆழம் காணான் என்பர் சிலர். அமெரிக்கப் பியானோக் கலைஞர் ஹெர்பி ஹான்காக்கின் வரலாறு அறிந்தோர் அங்ஙனம் உரையார். சிகாகோவில் 1940-இல் தோன்றிய அவர், பதினொரு வயதில் அந்நகரச் சிம்பொனிக் குழுவினரோடு மோட்சார்ட்டின் இசையை வாசித்தார். 1963-இல் மைல்ஸ் டேவிஸின் ஜாஸ் குழுவிற் சேர்ந்தார். பத்தாண்டுகள் கழித்தே, 1973-இல், 'ஹெட் ஹன்டர்ஸ்' இசைத்தட்டில் மின்னிசைக் கருவிகளால் ஜாஸையும் ஃபங்க் என்னும் நடன இசையையும் பிணைத்தார். மரபைக் கெடுத்தார் எனப் பழித்தாரும் உளர். ஆயினும் 1978-இல் சிக் கொரியாவுடன் இரு பியானோக்களே கொண்டு அரங்குதோறும் வாசித்தார். ஜோனி மிட்செலின் பாடல்களை ஜாஸ் வடிவிற் தந்த 'ரிவர்', 2008-இல் ஆண்டின் சிறந்த இசைத்தட்டுக்குரிய கிராமி விருதைப் பெற்றது. வேரூன்றாமலே கிளைக்க விழைவார்க்கு அப்பழி பொருந்தும். நண்பர்காள், வேரூன்றியபின் கிளைத்தலைக் குறையென்னல் தகாது.