500 என்றார்கள், 465தான் இருக்கிறது! மீதி 35 எங்கே?

அரியலூர் மாவட்டத்து ஆலத்தியூர், சிமெண்டு ஆலை உள்ள ஊர். சிமெண்டு மூட்டை ஒன்றுக்கு 50 கிலோ. இருபது மூட்டை ஏற்றினால் ஒரு டன். அங்கே சின்னப் பையனுக்குக் கூட இந்தக் கணக்குத் தெரியும்.

அந்த ஊர்க்காரர் ஒருவர் கடையில் 500 ஜி.பி. ஹார்டு டிஸ்க் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். படம், பாட்டு, கணக்கு வழக்கு எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும் கம்ப்யூட்டர் பெட்டகம் அது. வீட்டில் மாட்டினால், கம்ப்யூட்டர் 465 ஜி.பி. என்று காட்டுகிறது! சிமெண்டு மூட்டையில் மூன்றரைக் கிலோ குறைந்தது போல! சும்மா இருப்பாரா? கடைக்கு ஓடுகிறார்.

"எல்லா டிஸ்க்கும் இப்படித்தாங்க காட்டும்" என்கிறார் கடைக்காரர். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. "மீதியைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அதுவும் சரியல்ல.

உண்மை என்ன? டிஸ்க்கில் எதுவும் குறையவில்லை!

இரண்டு மரக்கால்

டிஸ்க்கின் இடத்தை 'பைட்' என்ற சிறு அளவால் அளக்கிறார்கள். ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். (தமிழ் எழுத்துக்குப் பெரும்பாலும் மூன்றாவது வேண்டும்.)

டிஸ்க் கம்பெனிக்கு ஒரு ஜி.பி. என்றால் 100 கோடி பைட். கிலோவுக்கு ஆயிரம் என்பது போன்ற மெட்ரிக் கணக்கு. ஆக, 500 ஜி.பி. என்பது 50 ஆயிரம் கோடி பைட்.

விண்டோஸ் கம்ப்யூட்டரின் கணக்கு வேறு. கம்ப்யூட்டரின் நினைவுச் சில்லு 2, 4, 8, 16 என்று இரட்டித்து வளர்வது. பத்தாவது தடவை 1,024 வரும். ஆயிரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று அதையும் 'கிலோ' என்று அழைத்துவிட்டார்கள். வந்தது வினை! மூன்று 1,024-ஐப் பெருக்கினால் 107 கோடியே 37 லட்சத்து 41 ஆயிரத்து 824. விண்டோசுக்கு அதுதான் ஒரு ஜி.பி. அந்தப் பெரிய மரக்காலால் 50 ஆயிரம் கோடியை அளந்தால் 465தான் தேறும். நெல் அதே நெல், மரக்கால்தான் பெரிது.

டிஸ்க் பெரிதானால் வித்தியாசமும் ஏறும். 1,000 ஜி.பி. டிஸ்க்கில் 931தான் காட்டும்.

யார் மேல் குற்றம்?

ஊருக்கு ஊர் படி வேறாக இருந்த காலம் உண்டு. 1956-ல் சட்டம் வந்து, கிலோவும் லிட்டரும் பழகிய பிறகு அந்தத் தகராறு ஓய்ந்தது. கம்ப்யூட்டருக்கும் அந்த வழி பிறந்தது. 1998-ல் சர்வதேச மின் தொழில்நுட்பக் குழு, பெரிய மரக்காலுக்கு 'ஜிபிபைட்' என்று தனிப் பெயர் வைத்தது. ஆப்பிள் கம்பெனி 2009-ல் தன் மேக் கம்ப்யூட்டரில் 100 கோடிக் கணக்குக்கே மாறியது. விண்டோஸ் மட்டும் பெரிய மரக்காலால் அளந்து, சிறிய மரக்காலின் பெயரையே எழுதுகிறது. குற்றம் அங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் வழக்கைச் சந்தித்ததோ டிஸ்க் செய்த கம்பெனிகள்!

அவர்களும் சும்மா விடத்தக்கவர்கள் அல்ல. '1 ஜி.பி. = 100 கோடி பைட்' என்பதை ஏன் மூலையில் பொடி எழுத்தில் போட வேண்டும்? பெட்டியின் முகப்பிலே, 'விண்டோசில் 465 காட்டும்' என்று தமிழில் பெரிதாகப் போட்டால் என்ன குறைந்துவிடும்?

இது தெரியாததால் நாணயமான கடைக்காரர் திட்டு வாங்குகிறார். உண்மையான திருடனோ தப்பித்துக்கொள்கிறான். 1,000 ஜி.பி. என்று சொல்லி மலிவாக விற்கும் போலிப் பென்டிரைவ்கள் உண்டு. உள்ளே இருப்பது 32 ஜி.பி.யோ, அதற்கும் குறைவோ! ஆனால் திரையில் முழுசாகக் காட்டும். கல்யாணப் படங்களை ஏற்றினால் ஏறியது போலவே இருக்கும். திறந்தால் பாதிக்கு மேல் இருக்காது. விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால், முதலில் வேண்டாத படங்களால் முழுக்க நிரப்பி, கடைசிப் படம் வரை திறந்து பார்க்க வேண்டும். அதுவரை பில்லை எறியக் கூடாது.