சொந்த அரங்கு மட்டும் போதுமா?



2019 என்பிஏ பருவத்தில் ரொறன்ரோ ராப்டர்ஸுக்கு 58 வெற்றி, கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்கு 57. அந்த ஒரு வெற்றியால், இறுதித் தொடரின் ஏழு ஆட்டங்களில் நான்கைச் சொந்த அரங்கில் ஆடும் உரிமை ராப்டர்ஸுக்குக் கிடைத்தது. ஆனால் நடந்த ஆறு ஆட்டங்களில் ஐந்தில் வென்றது வெளியூர் அணியே! ஓக்லண்டில் ஆடிய மூன்றிலும் வென்றுதான் ராப்டர்ஸ் கிண்ணத்தைத் தூக்கியது.

தாதியரான எங்களையும் சில இரவுகளில் பழக்கமில்லாத வார்டுக்கு அனுப்புவார்கள். எது எங்கே இருக்கிறதென்று தெரியாது; கை தடுமாறும். ஆனால் கட்டிலில் கிடப்பவருக்கு முழுக் கவனிப்பு வேண்டும். ஆகவே கூச்சப்படாமல் கேட்டு, மருந்தை இருமுறை சரிபார்த்துக் கொடுக்கிறோம்.

செப்டெம்பரில் புதிய ஊருக்குப் படிக்கப் போகிறவர்களே, கைதட்ட ஆளில்லாத இடத்திலும் முழு மூச்சோடு ஆடுங்கள்.