அழுத்தக் கலன்களின் தாங்கிகளை மாற்றுவது பற்றி எங்கள் நிலைப்பாடு

அழுத்தக் கலனின் ஷெல்லோடு பற்றவைத்த சேடில், லெக், லக், ஸ்கர்ட் ஆகியவற்றை வெட்டுவதையும் இடம் மாற்றுவதையும் உயரம் கூட்டுவதையும் சாதாரணப் பராமரிப்பு வேலையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு. பற்றவைப்பின் சூடு ஷெல்லைத் தொடுமா? ஷெல்லில் இறங்கும் பாரம் மாறுமா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும், கணக்கீடும் எழுத்துமூல ஒப்புதலும் கைக்கு வராமல் வேலை தொடங்கக் கூடாது.

நாசில் மாற்ற வேண்டுமென்றால் ஆலையில் எல்லோரும் கலனின் கோப்பைத் தேடுகிறார்கள். லெக்கை 300 மி.மீ. உயர்த்த வேண்டுமென்றால் கேஸ் கட்டரைத் தேடுகிறார்கள். அது 'ஸ்ட்ரக்சுரல்' வேலைதானே என்பதுதான் காரணம். ஏ.எஸ்.எம்.இ. விதிநூலின் 8-ஆம் பிரிவு அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. தாங்கிகள் வழியாக வரும் எதிர்விசையையும் வடிவமைப்புப் பாரங்களில் ஒன்றாகவே யு.ஜி.-22 பத்தி சேர்த்திருக்கிறது. ஷெல்லில் பற்றவைக்கும் துண்டு அழுத்தம் தாங்காததாக இருந்தாலும், அதன் உலோகம் பற்றவைக்கத் தக்கது என்று தெரிந்திருக்க வேண்டும். ஸ்கிராப் யார்டிலிருந்து எடுத்த, இன்னதென்று தெரியாத தகட்டுக்கு அங்கே இடமில்லை.

கிடைமட்டக் கலனைப் பாருங்கள். இரண்டு சேடில்களில் படுத்திருக்கும் ஷெல்லின் தகைவுகளை எல். பி. ஜிக் 1951-இல் கணக்கிட்டுக் காட்டினார். இன்றும் அந்த முறையைத்தான் பயன்படுத்துகிறோம். டிஷ் எண்டின் டேன்ஜென்ட் கோட்டிலிருந்து கலனின் ஆரத்தில் பாதித் தூரத்துக்குள் சேடில் இருந்தால், டிஷ் எண்டின் விறைப்பு ஷெல்லுக்கும் உதவும். பழைய அஸ்திவாரத்துக்குப் பொருந்தட்டும் என்று சேடிலை உள்ளே தள்ளினால் அந்த உதவி போய்விடலாம். அப்போது சேடிலின் இரண்டு கொம்பு முனைகளிலும் ஷெல்லின் வளைவுத் தகைவு ஏறும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இன்னொன்று, அடிக்கடி கண்ணில் படுவது. இரண்டு சேடில்களில் ஒன்றின் போல்ட் துளைகள் நீளவாக்கில் இருக்கும். கலன் சூடேறி நீளும்போது அந்தப் பக்கம் நகர வேண்டும். சேடில்களுக்கு இடையே 6 மீட்டர், வெப்பம் 150 டிகிரி செல்சியஸ் ஏறுகிறது என்றால் கார்பன் ஸ்டீல் ஏறத்தாழ 11 மி.மீ. நீளும். "ஆடுது சார்" என்று யாரோ சொல்ல, பேஸ் பிளேட்டை அடித்தகட்டோடு வெல்டு வைத்து முடித்துவிடுகிறார்கள். இங்கே சூடு ஷெல்லை நெருங்கவே இல்லை. பாரம் மட்டும் மாறிவிட்டது. நாங்கள் இரண்டாவது கேள்வியை வற்புறுத்துவது இதற்காகத்தான்.

பாரமே தாங்காத சிறு துண்டு என்றாலும் பற்றவைப்பை அலட்சியப்படுத்த முடியாது. வட கடலில் 1980 மார்ச் 27 அன்று கவிழ்ந்த அலெக்சாண்டர் கீலாண்ட் மிதவை மேடையில் 123 பேர் இறந்தார்கள். ஒரு ஹைட்ரோஃபோன் தாங்கியைச் சுற்றிப் போட்ட 6 மி.மீ. ஃபில்லெட் வெல்டில்தான் விரிசல் தொடங்கியிருந்தது. விரிசலுக்குள் பெயின்ட் இருந்தது. கட்டும்போதே வெல்டு விட்டிருந்ததற்கு அது சாட்சி. அது அழுத்தக் கலன் இல்லை, ஆனால் வெல்டு இதே வகை. அமெரிக்காவின் ரோமியோவில் நகரச் சுத்திகரிப்பு ஆலையில் 1984 ஜூலையில் வெடித்தது அழுத்தக் கலனே. சில ஆண்டுகளுக்கு முன் ஷெல்லின் ஒரு வளையத்தைத் தளத்திலேயே மாற்றியிருந்தார்கள். 25 மி.மீ. தடிமனுக்கு ஸ்ட்ரெஸ் ரிலீவிங் கட்டாயம் இல்லை என்பதால் செய்யவில்லை. உள்ளே இருந்த ஹைட்ரஜன் சல்பைடு சூழலில், வெல்டை ஒட்டிக் கடினப்பட்டிருந்த பகுதி விரிசல் விட்டது. 17 பேர் இறந்தார்கள். தடிமன் அட்டவணையோடு கலனுக்குள் என்ன ஓடுகிறது என்பதையும் பார்க்கச் சொல்கிறோம்.

அமெரிக்க நேஷனல் போர்டு விதிநூலின் 3-ஆம் பாகம், ஸ்ட்ரெஸ் ரிலீவிங் தேவைப்படாத இடத்தில், பாரம் தாங்காத இணைப்புத் துண்டைச் சேர்ப்பதை வழக்கமான பழுதுபார்ப்பாக ஏற்கிறது. அதில் எங்களுக்கு மறுப்பில்லை. பாரம் தாங்கும் லக்கையும் அந்தச் சலுகைக்குள் நுழைப்பதைத்தான் எதிர்க்கிறோம். இந்தியாவிலும் கொதிகலனில் கட்டமைப்பு மாற்றம் செய்யத் தலைமை ஆய்வாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும் என்று, 2025 வரை நடப்பில் இருந்த 1923-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லியிருந்தது.

ஷட்டவுன் நாள் ஒவ்வொன்றும் பணம் என்பது தெரியாமல் பேசவில்லை. பெரும்பாலான வேலைகளை ஷெல்லைத் தொடாமலே முடிக்க முடியும். லெக்குக்கும் ஷெல்லுக்கும் நடுவிலுள்ள தகடான பேடையும் அதையொட்டிய கொஞ்சம் லெக்கையும் அப்படியே விட்டுவிட்டு, கீழே வெட்டி நீட்டலாம். கூடிய உயரத்துக்குக் காற்று, நிலநடுக்கக் கணக்கை மறுபடி போட்டு ஒப்புதல் வாங்கினால் போதும். ஷெல்லில் பற்றவைத்தே ஆக வேண்டுமென்றால் முதலில் அந்த இடத்தின் தடிமனை அளக்க வேண்டும். பேடின் மூலைகளை உருட்ட வேண்டும், காற்றுத் துளை விட வேண்டும், ஷெல்லின் சீம் வெல்டை மூடக் கூடாது. பழைய லக்கைச் சுத்தியலால் அடித்துப் பிய்க்கக் கூடாது. ஷெல்லின் உலோகமும் சேர்ந்து பிய்ந்துவரும். சில மி.மீ. விட்டு வெட்டி, கிரைண்ட் செய்து, டை பெனட்ரன்ட் பார்க்க வேண்டும்.

கணக்கீட்டுத் தாள், வெல்டிங் முறைத் தாள், ஒப்புதல் கடிதம் மூன்றும் கலனின் கோப்பில் இருக்க வேண்டும். இவை இல்லாத வேலையின் ஆய்வறிக்கையில் எங்கள் உறுப்பினர்கள் கையெழுத்திட மாட்டார்கள். வேலை முடிந்தபின் முன்தேதியிட்டுக் கொண்டுவந்தாலும் இதே பதில்தான்.