இருமுறை கேட்போம்

முத்தமிழின் நடுவே நிற்பது இசைத்தமிழ். இயலை வகுப்பில் கற்பிக்கிறோம். நாடகத்தை ஆண்டு விழாவில் மேடையேற்றுகிறோம். இசையை மட்டும் நம் செவிக்குப் பழகிய எல்லைக்குள்ளேயே நிறுத்தி வைக்கிறோம். அவ்வெல்லைக்கு அப்பாலிருந்து ஓர் ஓசை எழுந்தால், அதற்கு 'இரைச்சல்' என்று பெயர் சூட்டிக் கதவை அடைத்து விடுகிறோம். பூட்டுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல்லில் வாழ்வதாலோ என்னவோ, பூட்டுவது நமக்கு எளிதாகவே கைவருகிறது!

சென்ற ஆண்டு நம் மாணவர் சிலர், தாமே எழுதிய தமிழ்ப் பாடலொன்றை மின்கித்தாரும் டிரம்ஸும் முழங்க, மெட்டல் இசையில் மன்ற விழாவில் பாட இசைவு வேண்டினர். பாடலின் ஓரடியையும் படித்துப் பாராமல் மறுத்தோம். மறுத்தது தவறா, சரியா என்பதன்று நம் கேள்வி. கேளாமல் மறுத்தது முறையா என்பதே கேள்வி.

மெட்டல் இசை, செல்வர் மாளிகையில் பிறந்ததன்று. இங்கிலாந்தின் பர்மிங்காம், ஆலைகள் நிறைந்த தொழில் நகரம். அந்நகரில் 1968ஆம் ஆண்டு நான்கு உழைப்பாளர் வீட்டு இளைஞர்கள் தொடங்கிய 'பிளாக் சபாத்' குழுவே இவ்விசையின் ஊற்றுக்கண் எனப் பலரும் கூறுவர். அதன் கித்தார் கலைஞர் டோனி அயோமி, இளமையில் உலோகத் தகடு ஆலையில் பணிபுரிந்தபோது இயந்திரத்தில் சிக்கி இரு விரல் நுனிகளை இழந்தவர். அவர் நெகிழியை உருக்கி விரலுக்கு உறை செய்தார். அதன்மேல் தோலை ஒட்டினார். பின்னாளில் கித்தாரின் நரம்புகளைத் தளர்த்திக் கட்டினார். ஓசை தாழ்ந்தது, கனத்தது. அக்கனமே பிறகு ஓர் இசை மரபின் அடையாளமாயிற்று. இரும்பையும் தோலையும் நம்பிப் பிழைத்து வந்த ஊர் நம் ஊர். இவ்வரலாறு நமக்கு அந்நியமாகத் தோன்றலாமா?

இவ்விசையைக் கையிலெடுத்த தமிழரும் உளர். சிங்கப்பூரில் 1992இல் தோன்றியது 'ருத்ரா' என்னும் குழு. பாடகரும் பேஸ் கித்தார் கலைஞருமான கதிர் அதன் தூண். தொடக்கத்தில் மேனாட்டு டெத் மெட்டல் பாணியில் பயின்ற இக்குழு, இடையில் கலைந்து, மீண்டும் கூடி, 1998இல் தன் பெயரிலேயே முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டது. 2003இல் 'குருக்ஷேத்ரா' வந்தது. 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் 'பிரம்மவித்யா' வரிசையில் மூன்று தொகுப்புகள் வந்தன. உறுமும் குரலில் ஆங்கிலப் பாடல், இடையிடையே வடமொழி மந்திரம், பாடுபொருளோ வேதாந்தம். 'வேத மெட்டல்' என்னும் பெயர் இக்குழுவுக்கு நிலைத்தது. திரைப்படத்தின் தோளில் ஏறாமல் முப்பதாண்டுக்கு மேல் ஓர் இசைக்குழு நின்று காட்டியது சிறு செய்தியன்று. சிங்கப்பூர் இசை ஆய்வாளர் யூஜீன் தைரியநாதன், இவ்விசையை அங்குள்ள தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளச் சிக்கலோடு இணைத்து 2009இல் ஆய்வுக் கட்டுரையே எழுதினார்.

இக்குழுவின் பாடலொன்றை நம் வகுப்பில் ஒலிக்கச் செய்தோம். ஒரு மாணவர் காதைப் பொத்தினார். ஒருவர் சிரித்தார். பூட்டுப் பட்டறைத் தொழிலாளியின் மகனொருவர், "எங்க பட்டறையில உட்கார்ந்த மாதிரியே இருக்குங்க ஐயா" என்றார். பின்வரிசை மாணவி ஒருவர், "பாட்டு என்ன சொல்லுதுன்னு தெரியலையே ஐயா" என்றார். பாடலின் பொருளைக் கரும்பலகையில் எழுதினோம். மீண்டும் ஒலிக்கச் செய்தோம். இம்முறை எவரும் சிரிக்கவில்லை. பிடிக்கவில்லை என்றவர் இருந்தனர். ஆனால் ஏன் பிடிக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். மந்திரத்தை முழக்கத்தோடு கலப்பது தகுமா என்று ஒருவர் வினவினார். போர்க்களத்தைப் பாட மென்குரல் பொருந்துமா என்று மற்றொருவர் எதிர்வினா எழுப்பினார். முதற் கேட்டலில் விளைந்தது வெறுப்பு. இரண்டாம் கேட்டலில் விளைந்தது திறனாய்வு.

ருத்ரா பாடும் சமயம் வேறு, நம் சமயம் வேறு. ஆயினும் பிற நாட்டு வடிவத்தில் தன் பொருளை ஏற்றும் முயற்சி நமக்குப் புதிதன்று. 1572ஆம் ஆண்டு மதுரையில் வண்ணப்பரிமளப் புலவர் 'ஆயிர மசலா'வை அரங்கேற்றினார். மசலா, கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து என்னும் சொற்கள் அன்று தமிழ்ச் செவிக்கு எத்துணைப் புதியனவாக ஒலித்திருக்கும்! கேட்கச் செவிகள் இருந்தமையால் அன்றோ அவை இன்று நம் பாடத்திட்டத்தில் சிற்றிலக்கியங்களாக வீற்றிருக்கின்றன?

பெரியோர் சிலர், "இளைஞர் வழிதவற இடமளிப்பதா?" என்று வினவுவர். வன்முறையும் இருளும் பாடும் மெட்டல் பாடல்கள் உள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. திரைப்பாடலிலும் தள்ளத்தக்கவை உள. அதனால் பாடலையே தள்ளினோமா? இசை ஆகுமா, ஆகாதா என்னும் மார்க்க வினாவுக்கு விடை சொல்லும் தகுதி ஆலிம்களுக்கு உரியது. நாம் அதனுள் புகவில்லை. ஆயினும் ஒரு செய்தியை நினைவூட்டக் கடமைப்பட்டுள்ளோம். இந்தோனேசியாவின் காரூத் பகுதியில், ஒரு மதரசாவில் பயின்ற மூன்று முஸ்லிம் மாணவியர் 2014இல் 'வாய்ஸ் ஆஃப் பாசெப்ரோட்' என்னும் மெட்டல் குழுவைத் தொடங்கினர். அவர்களுக்கு இவ்விசையை அறிமுகம் செய்தவர் அவர்தம் ஆசிரியரே. ஹிஜாப் அணிந்தே பாடினர். ஏச்சும் மிரட்டலும் ஏற்றனர். பெண்கல்வி, பெண்ணின் மானம் ஆகியவற்றைப் பாடினர். 2024இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழா மேடையேறினர். சுண்டா மொழியில் 'பாசெப்ரோட்' என்றால் 'இரைச்சல்' என்று பொருளாம்! பிறர் வசையாகச் சொல்லத்தக்க சொல்லைத் தாமே பெயராகச் சூடிக்கொண்டனர் அச்சிறுமியர்.

அவர்களுக்கு வாய்த்த ஆசிரியரைப் போன்று நாம் இருந்தோமா என்பதே நம் நெஞ்சை உறுத்தும் வினா. அன்று மறுக்கப்பட்ட நம் மாணவருள் இருவர் படிப்பை முடித்துச் சென்றுவிட்டனர். அவர்கள் எழுதிய பாடல் என்ன சொல்லிற்று என்பது இன்றுவரை நமக்குத் தெரியாது. தமிழ்த்துறைக்கு இது பெருமை தருவதன்று.

இனி வரும் மன்ற விழாவிற்கு ஒரு நெறியை முன்மொழிகிறோம். எவ்வகை இசையாயினும் பாடலின் எழுத்துப் படியை முதலில் படிப்போம். பொருள் தகாததாயின் காரணம் கூறி மறுப்போம். தகுமாயின் ஒருமுறைக்கு இருமுறை கேட்போம். அதன்பின் பிடித்தது, பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை அனைவர்க்கும் உண்டு. பூட்டைச் செய்யும் கைகளே சாவியையும் செய்கின்றன என்பது திண்டுக்கல்லாருக்குச் சொல்லித் தெரியவேண்டுவதில்லை.