வேஷத்தை யார் கொடுப்பது?

பங்குனி பிறந்துவிட்டால் பழைய வட ஆற்காட்டுக் கிராமங்களில் கூத்துக்குக் குறைவில்லை. திரௌபதியம்மன் கோயிலில் கொடி ஏறும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. காட்பாடியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ஆடி வரை இப்படித்தான். டேனரியில் ஷிப்டு முடித்து வந்தவரும், நாற்று நட்டுவிட்டு வந்த பெண்களும் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறோம். கர்ணன் சாகும்போது அழுகிறோம். துரியோதனன் திரைக்குப் பின்னால் சலங்கையைத் தட்டினால் தூங்கிய குழந்தைகூட எழுந்து உட்காருகிறது.

அந்தக் கர்ணன் யார்? விடிந்ததும் அரிதாரத்தை எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் பஸ் ஏறுகிறவன். ஆடி போய்விட்டால் அவனும் நம்மைப்போலக் களை வெட்டுகிறான், மூட்டை தூக்குகிறான், பீடி சுற்றுகிறான். கூத்து ஜமாவும் ஒரு தொழிலிடம்தான். அங்கும் வேலைப் பங்கீடு உண்டு, கூலித் தகராறு உண்டு, மேஸ்திரியும் உண்டு. கூத்தைக் கலை என்று புகழ்கிறவர்கள் இதைப் பேசுவதில்லை. அவர்கள் கண்ணுக்குக் கிரீடம் தெரிகிறது. அதைச் சுமக்கிறவனுடைய கழுத்து தெரியவில்லை.

கூத்தில் பெரிய ஸ்தானம் கட்டை வேஷம். மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் இவற்றைக் கட்டிக்கொண்டு ஆடும் துரியோதனன், கர்ணன், துச்சாதனன், அர்ஜுனன். இந்தப் பாரத்தோடு கிறுகி அடிக்கவேண்டும், ஒலிபெருக்கி இல்லாவிட்டாலும் கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடவேண்டும். இந்த வேஷம் கிடைத்தவனுக்குப் பெயர். பெயர் இருந்தால் ஊரார் அவனைக் கேட்டு வாங்குவார்கள். கேட்டு வாங்கினால் பங்கு கூடும். வசூலைப் பங்கு போடும் கணக்கு ஜமாவுக்கு ஜமா வேறு; ஆனால் வேஷத்துக்கு ஏற்பப் பங்கு என்பதும், உடுப்புப் பெட்டிக்குச் சொந்தக்காரருக்குத் தனிப் பங்கு என்பதும் பலருக்கும் தெரிந்த வழக்கம். ஆகவே யாருக்கு எந்த வேஷம் என்பது வெறும் கலை விஷயமல்ல, அது சோற்று விஷயம்.

யார் முடிவு செய்கிறார்? வாத்தியார். எப்படி முடிவு செய்கிறார்? அதை யாரும் கேட்பதில்லை.

நான் அறிந்த ஒரு பையன் ஒன்பது வருஷமாக ஒரு ஜமாவில் இருக்கிறான். நல்ல குரல். கர்ண மோட்சம் முழுக்க மனப்பாடம். ஆனால் அவன் கட்டுவது தூதன் வேஷம், காவல்காரன் வேஷம். திரை பிடிப்பான், பெட்டி தூக்குவான். கர்ணன் கட்டுகிறவர் வாத்தியார் வீட்டுப் பிள்ளை. அவர் மோசமில்லை என்பதையும் சொல்லவேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓர் இரவு அவருக்குக் காய்ச்சல் வந்து பையன் கர்ணன் கட்டினான். ஊரே எழுந்து நின்று பார்த்தது. மறுநாள் பழையபடி தூதன். வேறு ஜமாவுக்குப் போகலாமே என்றால், சீசனுக்கு முன்பே வாங்கிய முன்பணம் கழுத்தில் கிடக்கிறது. டேனரியில் மேஸ்திரிக்கு வேண்டியவன் மெஷினுக்குப் போவதும், வேண்டாதவன் சுண்ணாம்புக் குழியில் கிடப்பதும் நமக்குத் தெரியாததா?

வெளிநாட்டிலும் இதே பிரச்னை உண்டு. பாரிஸ் நகரத்து ஆபெரா நாட்டியக் குழுவில் சுமார் 150 பேர். அங்கே ஐந்து படிகள். அடிப்படியிலிருந்து நான்காம் படிவரை ஏற வருஷாந்திரப் பரீட்சை வைப்பதே நெடுங்கால வழக்கம். மேடையில் தனியாக ஆடிக் காட்டவேண்டும். மார்க்குப் போடும் குழுவில் நாட்டியக்காரர்களின் பிரதிநிதிகளும் உட்காருவார்கள். ஐந்தாவது படியான ‘நட்சத்திரம்’ மட்டும் டைரக்டர் கையில். அதிலும் மனஸ்தாபம் இல்லாமலில்லை. ஒரு காலைப்பொழுதில் கால் சறுக்கினால் ஒரு வருஷம் போச்சு என்று அழுகிறவர்கள் அங்கும் உண்டு. ஆனாலும் எந்தப் படியில் எதனால் நிற்கிறோம் என்று கேட்க ஓர் இடம் இருக்கிறது. நம் பையனுக்கு அது இல்லை.

நிறம் பார்ப்பதும் அங்கே உண்டு. அமெரிக்காவின் பெரிய பாலே குழு 1939ல் ஏற்பட்டது. அதில் ஒரு கறுப்பினப் பெண், மிஸ்டி கோப்லாண்ட், முதல்தர நாட்டியக்காரியாக உயர்ந்தது 2015ல்தான். திறமைக்காரப் பெண்கள் அதற்கு முன் பிறக்கவே இல்லையா? நம் பக்கத்தில் பல இடங்களில் ஊருக்கு ஒரு ஜமா, காலனிக்கு ஒரு ஜமா என்று பிரிந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு அமெரிக்காக்காரனைக் குறை சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.

ஜோடி விஷயத்துக்கு வருகிறேன். பாலேயில் ஆண் பெண்ணைத் தூக்கிப் பிடிக்கிறான். பிடி தவறினால் அவள் எலும்பு முறியும். நம் கூத்தில் அப்படிப்பட்ட இடம் துகிலுரிதல். துச்சாதனன் இழுக்கிறான், திரௌபதி சுழல்கிறாள். இரண்டும் ஆண்களே. இழுப்பதற்கு முன்னால் துச்சாதனன் கட்டியவர் கற்பூரம் ஏற்றித் திரௌபதியை வணங்கி மன்னிப்புக் கேட்கும் வழக்கம் உண்டு. பக்தி என்று நாம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். எனக்கு அதில் தொழில் மரியாதையும் தெரிகிறது: உன் உடம்பு இப்போது என் கையில், தவறு நடக்காது என்கிற வாக்குறுதி. பத்து வருஷம் சேர்ந்து ஆடிய ஜோடி கண்ணாலேயே பேசிக்கொள்ளும். முன்பணத் தகராறில் அதைப் பிரித்துப் புது ஆளை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை முழங்கால் உடைந்தவரிடம் கேளுங்கள்.

திரௌபதியைப் பெண்ணே ஏன் ஆடக்கூடாது? இரவுப் பிரயாணம், தீட்டு, குடும்ப கௌரவம் என்று காரணம் அடுக்குகிறார்கள். இரவு ஷிப்டுக்கு ஷூ கம்பெனி வேனில் நம் பெண்கள் போகிறார்களே, அப்போது கௌரவம் எங்கே போகிறது? காஞ்சீபுரத்தில் பி. ராஜகோபாலும் அவரோடிருந்த கலைஞர்களும் 1990ல் கட்டைக்கூத்துச் சங்கம் கண்டார்கள். 2002ல் புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் குருகுலம் திறந்து, படிப்போடு கூத்தும் கற்றுக்கொடுத்தார்கள். பெண் குழந்தைகளையும் சேர்த்தார்கள். திரௌபதி மட்டுமல்ல, கட்டை வேஷமே கட்டிவிட்டார்கள். 2020ல் குருகுலம் மூடப்பட்டது. ஆனால் பெண்ணின் தோளில் புஜக்கட்டை நிற்காது என்ற பேச்சு அதற்கு முன்பே பொய்த்துப்போயிற்று.

வயதான காலத்துக்கு என்ன வழி? பாரிஸ் நாட்டியக்காரர்களுக்கு 42 வயதில் ஓய்வு, பென்ஷனுடன். 1698ல் பதினான்காம் லூயி ராஜா காலத்தில் ஏற்பட்ட உரிமை அது. 2019ல் பிரெஞ்சு சர்க்கார் அதில் கை வைத்தபோது டிசம்பரில் வேலை நிறுத்தம் செய்தார்கள். 24ந் தேதி குளிரில், ஆபெரா வாசற்படியிலேயே ஜனங்கள் முன்னால் ‘அன்னத் தடாகம்’ ஆடிக் காட்டினார்கள். இப்போது இருப்பவர்களைத் தொடமாட்டோம், இனிமேல் சேருகிறவர்களுக்கு மட்டுந்தான் புதுச் சட்டம் என்று சர்க்கார் ஆசை காட்டியது. முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் பள்ளிக்கூடத்தில் இருக்கும் பிள்ளைகளுக்காக, தங்களுக்குக் கிடைத்ததை வேண்டாம் என்றார்கள்!

நம் ஊரில் 2007ல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் அமைந்தது. கார்டு வாங்கியவர்கள் வாங்கியிருக்கிறார்கள். எத்தனை திரை பிடிக்கிற பையன்களிடம், எத்தனை முகவீணைக்காரர்களிடம் அது இருக்கிறது என்று உங்கள் ஊருக்கு வரும் ஜமாவைக் கேட்டுப் பாருங்கள்.

கூத்துக்குப் பணம் கொடுப்பது நாம். வீட்டுக்கு வீடு வரி போட்டு, வெற்றிலை பாக்கில் வைத்து அச்சாரம் கொடுக்கும் விழாக் கமிட்டியில் நம் ஆட்கள் இருக்கிறார்கள். கணக்கு நோட்டில் எழுதி எல்லார் முன்னிலையிலும் பங்கைப் படிக்கச் சொல்ல அவர்களால் முடியும். பதினெட்டு ராத்திரி கூத்து என்றால் ஒரு ராத்திரியாவது சின்னவர்கள் பெரிய வேஷம் கட்டட்டும் என்று அச்சாரத்தோடு சேர்த்துப் பேச முடியும். வாத்தியாரை அவமதிப்பதல்ல இது. முப்பது வருஷம் தொண்டை கிழியப் பாடி ஜமாவைக் கட்டிக் காத்தவர் அவர், அவருக்கும் பென்ஷன் கிடையாது.

வருகிற பங்குனிக்கு எங்கள் ஊர் அச்சாரம் தை மாதத்தில் பேசுவார்கள். அந்தப் பையனைக் கர்ணன் கட்டச் சொல்லிக் கேட்பதென்று எங்கள் தெருவில் ஏழு பேர் பேசி வைத்திருக்கிறோம். வாத்தியார் என்ன சொல்வாரோ பார்க்கலாம்.