திருப்பித் தரக்கூடிய பரிசு

கொலுப் படிகளைப் பிரித்து பொம்மைகளைப் பரணில் ஏற்றி முடிப்பதற்குள் நம் வீடுகளில் ஒரு கணக்கு நோட்டு திறந்துவிடுகிறது. அது காகிதத்தில் இல்லை, மனத்தில் இருக்கிறது. "மூன்றாவது மாடிக்காரர்கள் போன வருஷம் முந்திரி, பாதாம் பெட்டி கொடுத்தார்களே, நாம் வெறும் மிக்சர் கொடுத்தால் நன்றாகவா இருக்கும்?" என்பது அதன் முதல் வரி. ஜிகினாக் காகிதம் சுற்றிய அந்தப் பெட்டிகளில் சில, பிரிக்கப்படாமலேயே நாலு வீடு சுற்றி வருவதையும் அன்பர்கள் அறிவீர்கள்.

ரயில்வேயில் வேலை என்றால் தீபாவளிக்குப் பணம் கொட்டுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். 2024ஆம் ஆண்டு அறிவித்த 78 நாள் போனஸின் உச்ச அளவு 17,951 ரூபாய். நான்கு பேருக்குத் துணிமணி, பட்டாசு, எண்ணெய், நெய், ஊருக்குப் போக டிக்கெட் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஒப்பந்த வேலையில் இருக்கும் நம் இளைஞர்கள் பலருக்கு அதுவும் கிடையாது. இந்த நிலையில் பத்து வீட்டுக்குப் பத்துப் பெட்டி வாங்குவது எப்படி?

பரிசின் அளவைக் கொடுப்பவரின் வசதி தீர்மானிக்கக் கூடாது. வாங்குபவர் மனம் கூசாமல் திருப்பித் தரக்கூடிய அளவே சரியான அளவு. இதுதான் என் கருத்து.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். பட்சணம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாது என்பது வழக்கம். ஆனால் அதில் என்ன போட வேண்டும்? ஒரு கரண்டி சர்க்கரை போதும். எந்த ஏழை வீட்டிலும் ஒரு கரண்டி சர்க்கரை இருக்கும். பதில் மரியாதை செய்ய யாருக்கும் இயலாமல் போகக் கூடாது என்ற பெருந்தன்மை அதில் இருந்தது.

நாம் குடியேறி வாழும் இந்த மராட்டிய மண்ணிலும் அதே பண்பு உண்டு. தசராவன்று ஆப்டா இலையைத் 'தங்கம்' என்று சொல்லிக் கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள். அது வேறொன்றுமில்லை, சோழ மன்னர்கள் பூச்சூடிய நம் ஆத்தி மரத்தின் இலைதான். சங்கராந்திக்கு ஒரு சிட்டிகை எள்ளுருண்டை கொடுத்து, இனிமையாகப் பேசச் சொல்கிறார்கள். நான் இகத்புரி மலைப்பாதைப் பகுதியில் பணியாற்றியபோது, தினமும் தண்டவாளத்தோரம் நடந்து சாவிகளைச் சரிபார்க்கும் கீமேன், தசரா மாலையில் ஒவ்வொரு குவார்ட்டர்ஸுக்கும் வந்து இலை கொடுப்பார். பெரிய அதிகாரியும் எழுந்து நின்று வாங்கி, தானும் ஓர் இலை கொடுத்துத் தழுவிக்கொள்வார். அந்த ஒரு நிமிடம் இருவரும் சமம். அதிகாரி ஒரு பட்டு வேட்டியை நீட்டியிருந்தால் அந்தச் சமத்துவம் அங்கேயே போயிருக்கும்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? எங்கள் கட்டடத்தில் ஓர் இளம் தமிழ்க் குடும்பம். கணவருக்கு வேலை போன வருஷம், தீபாவளிக்கு ஊருக்குப் போவதாகச் சொல்லிவிட்டு விளக்கை அணைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். பிறகுதான் தெரிந்தது. யாராவது பெட்டி கொண்டுவந்தால் பதிலுக்குக் கொடுக்க ஒன்றுமில்லையே என்ற கூச்சம்தான் காரணம். சொந்தபந்தம் எல்லாம் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்க, அண்டை வீட்டையே உறவாகக் கொண்டு வாழும் நமக்குள் இப்படி ஒரு கதவு அடைபடலாமா?

"வசதி இருப்பவர் தாராளமாகக் கொடுத்தால் என்ன தவறு?" என்று கேட்பீர்கள். தவறே இல்லை. திருப்பித் தர வேண்டும் என்ற கடமை இல்லாதவர்களுக்குத் தாராளமாகக் கொடுங்கள். வீட்டு வேலை செய்யும் பாய், துப்புரவுத் தொழிலாளி, காவலாளி, பேப்பர் போடும் பையன் ஆகியோருக்குப் பணமாகவே கொடுங்கள். அதையும் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே கொடுங்கள். பண்டிகை முடிந்து கொடுத்தால் அவர்கள் வீட்டுக் குழந்தைக்குப் புதுத்துணி வராது.

நமக்குள் கொடுத்துக்கொள்ள என் யோசனைகள் சில.

முதலில் ஆட்களின் பட்டியல் எழுதுங்கள், பொருளைப் பிறகு யோசியுங்கள். கடைக்குப் போய்ப் பொருளைப் பார்த்தபின் ஆளைத் தேடுவதால்தான் செலவு ஏறுகிறது.

வீட்டுக்கு வீடு பத்து வகைப் பட்சணம் வேண்டாம், கை வந்த ஒன்று போதும். தீபாவளி லேகியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், வெல்லம், நெய் போட்டுக் கிளறிச் சின்னச் சின்னப் பாட்டில்களில் அடைத்தால் பத்து வீட்டுக்கு ஆகும். சக்லியும் கரஞ்சியும் தின்று வயிறு மந்தமான மராட்டிய அண்டை வீட்டார் அதை எவ்வளவு ஆவலாகக் கேட்டு வாங்குகிறார்கள் தெரியுமா!

காசே இல்லாத பரிசும் உண்டு. ஓய்வூதியம் பெறுவோர் ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வேண்டும். கைப்பேசியில் முகத்தைக் காட்டியே அதைப் பதிவு செய்யும் வசதி 2021 முதல் இருக்கிறது. ஆனால் எழுபத்தைந்து வயது மாமிக்கு அது எட்டாது. ஒரு கல்லூரி மாணவன் அரை மணி நேரம் செலவிட்டால் வங்கி வாசலில் அவர் கால்கடுக்க நிற்க வேண்டாம். பதிலுக்கு மாமி அந்தப் பையனின் தங்கைக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்கட்டும். இதற்கு எந்தக் கடையில் விலை போட முடியும்?

நம் சங்கத்து உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தத் தீபாவளிக்கு ஒவ்வொரு கட்டடத்திலும் நாலு குடும்பத்தார் கூடி, "நமக்குள் கடைப் பெட்டி வேண்டாம்" என்று வாய்விட்டுப் பேசி முடிவு செய்யுங்கள். முதல் வார்த்தையை வசதியானவர் பேசட்டும். இல்லாதவர் சொன்னால் அது இயலாமை என்று ஆகிவிடும். இருப்பவர் சொன்னால்தான் அது வழக்கமாக மாறும்.