நிரல்துணுக்கும் யானைப் பாதையும்

ஆழ்கற்றல் ஆய்வில் இறங்கும் மாணவர் எவரும் முதலில் சேர்த்து வைப்பது கோட்பாட்டு நூல்களை அல்ல. பத்து வரி, இருபது வரி நிரல்துணுக்குகளையே. காணொளியைச் சட்டகங்களாகப் பிரிக்க ஒன்று, தரவைப் பகுக்க ஒன்று, கேமராவிலிருந்து நேரலையைப் பெற ஒன்று என அவை மூத்தவரிடமிருந்து இளையவருக்குக் கைமாறுகின்றன. இதில் குறை காண்பதற்கில்லை. வசதி குறைந்த துறைகளில் ஆய்வு நடப்பதே இத்தகைய பகிர்வால்தான். ஆனால் துணுக்கைக் கைமாற்றும் நாம், அது எந்த நிபந்தனையில் செல்லும் என்பதைக் கைமாற்றுவதில்லை. என் வாதம் அதைப் பற்றியதே.

பாலக்காட்டு எல்லையை எடுத்துக்கொள்வோம். வாளையாறு – மதுக்கரை இருப்புப்பாதை யானைகளின் வழித்தடத்தை ஊடறுத்துச் செல்கிறது. 2021 நவம்பர் 26 இரவு நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு வனத்துறை மதுக்கரையில் 12 கோபுரங்களில் 24 கேமராக்களைக் கொண்ட செயற்கை நுண்ணறிவு எச்சரிக்கை அமைப்பைத் தொடங்கியது. அவற்றுள் வெப்பப்படக் கேமராக்களும் உண்டு. இத்தகைய களத்துக்கு நம் மாணவர்கள் ஒரு மாதிரியை உருவாக்க முனைந்தால், கையிலுள்ள துணுக்குகள் எதுவரை துணைவரும்?

முதலாவது, நிறம். ஓபன்சிவி நூலகம் படத்தை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் தருகிறது. முன்பயிற்சி பெற்ற மாதிரிகள் பெரும்பாலும் சிவப்பிலிருந்து தொடங்கும் வரிசையை எதிர்பார்க்கின்றன. கோகோ தரவுத்தொகுப்பின் 80 வகைகளில் யானையும் ஒன்று என்பது உண்மையே. ஆனால் அது கற்பிப்பது சாதாரண நிறப்படங்களில் தெரியும் யானையை. ஒற்றை அலைவரிசை வெப்பப்படத்தை மும்முறை அடுக்கிக் கொடுத்தாலும் நிரல் ஓடும், பிழைச்செய்தி வராது, விடை மட்டும் நம்பத்தகாததாகிவிடும்.

இரண்டாவது, தரவுப் பகுப்பு. நொடிக்கு 25 சட்டகம் வீதம் ஒரு நிமிடக் காணொளியில் 1500 சட்டகங்கள். வழக்கமான துணுக்கு அவற்றைக் குலுக்கிப் பயிற்சிக்கும் சோதனைக்குமாகப் பிரிக்கிறது. அடுத்தடுத்த சட்டகங்களில் அதே யானை, அதே புதர். மாதிரி தான் பார்த்ததையே மீண்டும் பார்த்து உயர்ந்த மதிப்பெண் பெறுகிறது. பகுக்க வேண்டியது சட்டகத்தை அல்ல, பதிவையும் கேமராவையும்.

மூன்றாவது, காலத்தாழ்வு. கேமரா நொடிக்கு 25 சட்டகம் அனுப்ப, மாதிரி 10 மட்டுமே ஆராய்வதாகக் கொள்வோம். எதையும் கைவிடாமல் வரிசையில் சேர்க்கும் துணுக்கு, ஒரு நிமிடம் கழிந்ததும் 36 நொடி பழைய காட்சியையே ஆராய்ந்துகொண்டிருக்கும். மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் அதற்குள் 450 மீட்டர் கடந்துவிடும். பழைய சட்டகங்களைத் தள்ளிவிட்டு அண்மையதை மட்டும் எடுப்பதே இங்கு முறை. பதிவுசெய்த காணொளியை ஆராய்பவருக்கோ அதே முறை தரவிழப்பாகும். துணுக்கு சரியா தவறா என்பதைக் களமே தீர்மானிக்கிறது.

இடுக்கி எல்லைக்குச் சென்றால் இது மேலும் விளங்கும். 2023இல் சின்னக்கானலிலிருந்து பெரியாறு காப்பகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட அரிக்கொம்பன், அடுத்த மாதமே கம்பம் நகருக்குள் வந்தது. யானைக்கு மாநில எல்லை இல்லை. மாதிரிக்கு நில எல்லை உண்டு. வாளையாற்றின் அடிவாரக் காட்டில் பயின்ற மாதிரி மூணாற்றின் மூடுபனியிலும் தேயிலைச் சரிவிலும் அப்படியே செல்லும் என்று சோதிக்காமல் கூற முடியாது.

‘நூலகங்களுக்கு ஆவணங்கள் உள்ளனவே, படித்துக்கொள்ளட்டும்’ என்பார் உண்டு. ஆவணம் ஒரு செயற்கூறு என்ன செய்யும் என்று சொல்லும். நம் ஆய்வுக்கூடத்தில் எந்தத் தரவில், எந்த ஒளியில் அது தவறியது என்று சொல்லாது. அந்த அறிவு நம்மிடம் மட்டுமே இருக்கிறது. பட்டம் பெற்று வெளியேறுபவரோடு அதுவும் வெளியேறிவிடுகிறது.

ஆகவே பகிரும் ஒவ்வொரு துணுக்கின் தலையிலும் நான்கு வரிகள் எழுதுவோம்: எந்த நூலகப் பதிப்பு, எவ்வகைத் தரவு, எங்கே சோதித்தது, எங்கே தவறியது. தமிழிலேயே எழுதலாம். நெறியாளர்கள் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இதைக் கேட்டுப் பெற வேண்டும். நிரல் ஓடியது என்பது ஆய்வின் தொடக்கமே. அது எங்கே நின்றுபோகும் என்று எழுதிவைப்பதும் ஆய்வாளரின் கடமை.